கத்தாழைக் கல்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
மீன் ஏற்றும் லோடு ஆட்டோவில்
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட
முதுநகர் துறைமுகத்திலிருந்து கொண்டு வந்தார்கள்
ஏலம் விடும் அஞ்சலாட்சியை.

படுக்கச் சொன்னால் படுக்கவில்லை.
முழங்காலைக் கட்டிக்கொண்டு
முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.
மல்லாந்தால் உயிர் போகிறதாம்.
அந்த உட்காரலைப் பார்த்ததும்
ஒரு சொல் என் நாக்கு நுனிக்கு வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

"கேஸுதான் டாக்டரம்மா.
நேத்து தேவனாம்பட்டினத்துல காதுகுத்து,
கறி கொஞ்சம் கூடப் போச்சு.
சோடா குடிச்சேன். ஏப்பமே வரல."

எங்கே வலி?
நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே
உள்ளங்கையை வைத்தாள்.
அதே கையை முதுகுக்குக் கொண்டுபோகப் பார்த்து
எட்டாமல் விட்டுவிட்டாள்.
"இங்க மாட்டுன தூண்டில்
அங்க வெளிய வருது."

படித்த புத்தகத்திலும் இதே வாக்கியம்தான்.
அதில் தூண்டில் இல்லை.

ஈசிஜியில் பழுதில்லை.
குடி உண்டா என்று கேட்டாக வேண்டும், கேட்டேன்.
கணவர் அமிர்தகடேசன் வாசல் பக்கம் பார்த்தார்.
"அவரு குடிச்சா எனக்கா வலிக்கும்?" என்றாள்,
ஐந்தாவது வாந்தியைத் துடைத்துக்கொண்டு.
டார்ச் அடித்தேன்.
கண் வெள்ளையில்
பலநாள் நனைந்த தாலிக்கயிற்றின் மஞ்சள்.

ரத்தம் போனது, எண்கள் வந்தன.
அமைலேஸ் ஆயிரத்து நானூறு.
லைபேஸ் மூவாயிரத்து இருநூறு.
மூன்று மடங்கு ஏறினாலே போதும், கணையம்தான்.
இது இருபது மடங்கு.
நர்ஸ் வாசித்தது அவள் காதில் விழுந்துவிட்டது.
"மூவாயிரத்து எரநூறா?
யாரு கேட்டா அந்த வெலைக்கு?"

இன்னொரு எண் ஓரமாக நின்றது.
கல்லீரலின் ஏஎல்டி, முந்நூற்றுப் பத்து.
சத்தமில்லாத அந்த எண்தான்
கல் என்று காட்டிக்கொடுத்தது.

காலையில் ஸ்கேன்.
பித்தப்பைக்குள் கடுகுக் கூட்டம்,
ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்பு நிழல்.
பித்தக்குழாய் ஒன்பது மில்லிமீட்டருக்கு வீங்கியிருந்தது.
கணையம்?
நூருல் அமீன் சார் எழுதியிருந்தார்:
குடல் வாயு மறைக்கிறது, தெளிவாகத் தெரியவில்லை.

கேஸ் என்று அவள் சொன்னது
முழுப்பொய் இல்லை.

"எனக்குள்ளயா கல்லு?
கத்தாழை மீன் தலையிலதான கல் இருக்கும்!"
எத்தனை தலை பிளந்து பார்த்தவள்.

பெரிய கல் அசையாமல் கிடக்கும்,
சின்னதுதான் கிளம்பும் என்றேன்.
பித்தம் வரும் குழாய் ஒன்று, கணையத்தின் குழாய் ஒன்று,
இரண்டுக்கும் வாய் ஒன்று, அங்கே போய்ச் சிக்கினால்...
நான் முடிக்கவில்லை.
"கெடிலமும் உப்பனாறும் மாதிரி.
முகத்துவாரத்துல மண்ணு அடைச்சா
தண்ணி திரும்பி ஊருக்குள்ளதான் வரும்."
அடுத்த வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன்,
யார் சொன்னது என்றும்.

மூன்றாம் நாள் மஞ்சள் வடிந்தது.
எண்கள் இறங்கின.
கல் தானாகவே நழுவிப் போயிருக்க வேண்டும்.
அதை யாரும் பார்க்கவில்லை.

பையில் மிச்சம் இருக்கிறது,
வீட்டுக்குப் போகும் முன்னே
பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றேன்.
படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"எடுத்தா என்கிட்ட குடுத்துடுங்க.
எடை போட்டுப் பாக்கணும்."