காதுக்கு முன்னால் ஒரு விரற்கடை

முதலில் அவள் எனக்கு ஒரு எண்.
பதினேழு, இடம். பதினேழு, வலம்.
இரண்டு மெழுகுக் கட்டிகள்;
நடுவில் அரிசி நீளத்துக்குத் தோல்.

நத்தால் நகர மருத்துவமனையின் பின்கட்டில்
ஏசி ஓடாத மூன்றாம் நாள்.
மெழுகு இளகினால் சீவல் சுருண்டுவிடும்.
பனிக்கட்டித் தட்டில் கட்டியை இறுகவைத்துக்
கத்தி ஓட்டினேன், முடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தில்.
வெந்நீரில் மிதந்ததைக்
கண்ணாடியால் ஏந்தினேன்
பாலாடையை எடுப்பதுபோல், மூச்சை அடக்கி.

முத்திரை பிரித்த கோப்பு சொன்னது:
பெண், நாற்பத்தொன்பது வயது.
அரேயா பிராங்கா உப்பளத்தில் இருபத்தாறு வருடம்.
தொப்புளுக்குக் கீழே உறிஞ்சிய கொழுப்பிலிருந்து
ஸ்டெம் செல்கள் பிரித்து
குடுவையில் வாரக்கணக்கில் பெருக்கி
இடது காதுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடத்தில் ஊசி.
வலது பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க,
வெறும் உப்புநீர்.

உப்புநீர்.
அவளுக்கு.

மூன்று மாதம் கழித்து முகத்தை இழுத்துத் தைப்பார்கள்.
செலவு அவர்களுடையது; கூலி அதுதான்.
இழுத்தால் மிஞ்சும் தோலை எப்படியும் வெட்டுவார்கள்.
குப்பைக்குப் போகுமுன் அது என்னிடம் வரும்.
அதாவது
அவள் முகத்தில் எந்த இடம் தேறியதோ
அந்த இடம் அவளிடம் இல்லை.

தையல் பிரித்த வியாழக்கிழமை
கதவைத் தட்டாமல் வந்தாள்.
"என் தோல் உன்கிட்டதான் இருக்குன்னாங்க."
டல்வனீரா.
காதோரம் இன்னும் மஞ்சள் பாய்ந்த வீக்கம்.
தாடைக்கு அடியிலும் கழுத்து மடிப்பிலும்கூட
வெயில் தின்ற தடம்.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.
"தொப்பி மேலே வர்ற வெயிலுக்குத்தான்மா.
உப்பு கீழேர்ந்து எறியும்."

வங்கியில் காவலாளி அவளை
முதியோர் வரிசைக்கு அனுப்பினானாம், நாற்பத்தாறு வயதில்.
சண்டை போட்டாயா என்றேன்.
"எதுக்கு? அந்த வரிசை சீக்கிரம் நகருமே.
மூணு வருஷம் அதிலேயே நின்னேன்.
அப்புறம் ஒருநாள் ஒரு கிழவி
எனக்கு நாற்காலி விட்டுக்கொடுத்தா.
அன்னிக்குத்தான் இங்க வந்து பேர் கொடுத்தேன்."

விதிப்படி காட்டக் கூடாது.
நாற்காலியை நகர்த்திக்கொடுத்தேன்.

முதலில் இடம்.
சாயம் ஏறிய மெல்லிய இழைகள்
அடியிலிருந்து மேல்தோலை நோக்கிக்
கைவிரல்போல் பிரிந்து ஏறியிருந்தன.
பழைய சிக்கல் அங்கங்கே திட்டாய் மட்டும்.
"இது யாரு?"
நீதான்.
வேறொருத்தி வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தவள்போல்
தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

பிறகு வலம்.
இழை என்று சொல்ல ஒன்றுமில்லை.
அறுந்ததும் தடித்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி
குளியலறைச் சாக்கடையில் அடைத்த முடிக்கற்றை.
அதில் வெகுநேரம் இருந்தாள்.
திருகியைத் தானே கண்டுபிடித்துத் திருப்பினாள்.
மங்கி, தெளிந்து, மங்கி.

"பாத்தியா, இங்க பாத்தி பாத்தியா கட்டியிருக்கு,"
என்றாள்.
"இது வாய்க்கால். இது பெட்ரோலோ நீர்விட்ட மேடை,
மழை வந்து கரைச்ச வருஷம்."
ஒற்றைக் கண் மூடியிருந்தது,
மற்றது இருபத்தாறு வருடத்தின் மேல்.
"இதை எனக்குத் தெரியும்."

ஐந்து மணி நேரப் பேருந்து அவளுக்கு.
போகும்போது கேட்டாள்:
மேற்கே போகும் வண்டியில் மாலையில்
எந்தப் பக்கம் நிழல்?
வலப்பக்கம், என்றேன், உறுதியில்லாமல்.

படிவத்தில் 'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
இடத்துக்கு ஒரு குறி போட்டேன்.
வலத்துக்கு என்ன எழுதுவதென்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
உதட்டில் உப்பு.
ஏசி இன்னும் ஓடவில்லை.