இந்தக் குப்பிக்கு இல்லை

பதின்மூன்றாம் தொகுதிச் சாறு
சியூ லிங்கின் முன்னங்கையில்
ஏழு மில்லிமீட்டர் தடித்தது.

பதினான்காம் தொகுதி
அதே பூஞ்சை, அதே கஞ்சி, அதே வெப்பம்,
நீண்ட வார இறுதியில்
மூன்று நாள் கூடுதலாய்க் கிடந்தது, அவ்வளவுதான்,
இரண்டோடு நின்றுவிட்டது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"எனக்குக் குணமாகிவிட்டதா?" என்கிறாள்.
உனக்கு ஒன்றுமில்லை, லிங்.
குப்பிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சொன்னவர்கள் பூஞ்சை வடித்தவர்கள் இல்லை.
வித்தில் இருக்கும் புரதம் இழையில் இல்லை.
இழையில் இருப்பதை
அதன் நொதியே குப்பிக்குள் தின்றுவிடுகிறது.
ஒட்டுத்தாளில் நான் எழுதுவதோ
பத்துக்கு ஒன்று, எடைக் கணக்கில்.
எதன் எடை என்று
ஒட்டுத்தாள் கேட்பதில்லை.

திரையில் இரண்டு கோடுகள்.
பழைய குப்பியும் புதிய குப்பியும்
தண்டவாளம்போல் விலகாமல் நெருங்காமல் ஓடவேண்டும்;
ஓடினால்தான்
ஒன்று மற்றதில் எத்தனை பங்கு என்று சொல்லலாம்.
இவை
புவன விஸ்தாவில் ரயில்கள் போல
குறுக்கே வெட்டிக்கொண்டு
தத்தம் வழி போகின்றன.

பூன் லேயிலிருந்து ஓர் அழைப்பு.
மகன் ஹைக்கால், ஆறு வயது.
டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால்
இரவெல்லாம் இரைப்பு.
சோதனையில் பூஞ்சை "இல்லை" என்று வந்ததாம்.
"அப்படியானால் அவன் கட்டிலோரச் சுவரில் இருப்பது என்ன?"
எந்தக் குப்பி, எந்தத் தொகுதி என்றேன்.
அவருக்கு எப்படித் தெரியும்.

அன்றிரவு யீஷூனில்
என் அலமாரியின் பின்சுவரைக்
காலாவதியான ஈஸி-லிங்க் அட்டையால் சுரண்டினேன்.
தட்டில் விதைத்த நான்காம் நாள்
கரும்பச்சை வெல்வெட்டாய்ப் பூத்தது.
பூத்தது என்றுதான் சொல்கிறோம்;
முருங்கைக்கும் இதற்கும் ஒரே வினைச்சொல்.

அதன் சாறு என் கையில் ஒன்பது.
லிங் மட்டும் பார்த்தாள்.
அதற்கு எண் இல்லை,
மூலக்குப்பி இல்லை,
மறுமுறையும் ஒன்பதே வரும் என்று
சத்தியம் செய்ய ஆள் இல்லை.
நீராவியில் கொன்று
குப்பையில் போட்டேன். அரிப்பு மறுநாள்தான் அடங்கியது.

பதினான்காம் தொகுதிக்குச் சிவப்பு முத்திரை.
படிவத்தில்
"ஒவ்வாமை இல்லை" என்பதை எடுத்துவிட்டு
"இந்தக் குப்பிக்கு இல்லை" என்று போடும்படி
மேலே எழுதிக் கேட்டேன்.
மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது:
கட்டத்தில் இடம் போதாதாம்.

காலையிலிருந்து மழை.
பூன் லேயிலும் பெய்துகொண்டிருக்கும்.