கட்டைவிரல்

டூயிஸ்பெர்க்கில் கடல் இல்லை.
பழைய எரிவாயுத் தொட்டியில்
கழுத்துவரை தண்ணீர் நிரப்பி
அடியில் ஒரு படகைச்
சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
ஒருநாளும் அலை பார்க்காத படகு.
பக்கத்தில் சிமெண்டுப் பவளம்.
மீன் கிடையாது.

ஹைகே முன்னால் நீந்தினாள்.
படகறைக்குள் தலையை நீட்டினேன்:
கூரையில் தேங்கி
வெளியேற வழி தேடி
ஊர்ந்துகொண்டிருந்தது
நான் விட்ட மூச்சு.

அருமை என்று சொல்லக்
கட்டைவிரலை உயர்த்திவிட்டேன்.

தண்ணீருக்குள் அதற்கு
'மேலே போவோம்' என்று பொருள்.
தோளைப் பற்றி
மெல்ல, ரொம்ப மெல்ல,
கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்காமல்
கரைசேர்த்தாள்.

"என்ன ஆச்சு, வதனி?"
"ஒன்றுமில்லை. பிடித்திருந்தது."

அவள் சிரித்த சிரிப்பை
இரும்புச் சுவர் நாலு தரம் சிரித்தது.

உருளையில் காற்று இன்னும் பாதி.
மறுபடி இறங்கினோம்,
நான் கைகளைக் கட்டிக்கொண்டு.