இடது சப்பாத்து

காலையில் முதல் வேலை
எங்களை நாங்களே வெறுமையாக்குவது.
தோடு, கொண்டை ஊசி,
சுபாஜினியின் தாலிக்கொடி,
எல்லாம் கூடாரத்தில், பெயர் எழுதிய பைகளில்.
இரும்பு தேடப் போகிறவளிடம்
இரும்பு இருக்கக் கூடாது.

ஆனாலும் என் பக்கம் கொண்டுவந்தால்
கருவி கத்தும்.
இடது கெண்டைக்காலில்
மாத்தளனில் விழுந்த செல்லின்
பயறளவுத் துண்டு.
கிடக்கட்டும் என்றார் டொக்டர்.
"அது வதனியின்ர பழைய சாமான்"
என்பார் மேற்பார்வையாளர் அமலதாஸ்,
ஒவ்வொரு நாளும் அதே பகிடி.

அம்பகாமத்தில் அது ஒரு கல்வீடாக இருந்திருக்கிறது.
இப்போது சீமெந்து நிலம்,
நிலத்தைப் பிளந்த வேம்பு.
சிவப்புத் தடிகளுக்கிடையில் முழங்காலில் நின்று
நாளொன்றுக்கு
ஒரு பாய் விரிக்கிற அளவு முன்னேறுவோம்.

கருவிக்கு ஒரே குரல்தான்,
மிதிவெடிக்கும் சோடா மூடிக்கும்.
குரல் வந்த இடத்தைப்
பக்கவாட்டில், சரிவாகக் கிண்ட வேண்டும்,
நித்திரைப் பிள்ளையின் கீழிருந்து
சீலையை இழுப்பதுபோல.

அந்தக் கிழமை வந்தவை:
துவக்குக் கோதுகள், எண்ணவில்லை.
கதவில்லாத வீட்டின் பூட்டு,
பூட்டியபடி.
இடியப்ப உரலின் அச்சு.
ஜொனி ஒன்று. அன்று எல்லோரும் பின்வாங்கி
நேரத்தோடு தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு கிணற்றடியில் ஒரு செம்புச் சதம்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபது.
ஒரு பக்கம் ராணியின் கழுத்து,
மறுபக்கம் ஒரு மரம்.
பனை என்று நினைத்துக்கொண்டேன்.
தலை முறியாத மரம்.
இந்தப் பக்கத்தில் தலையோடு நிற்கும் பனைகளை
விரல்விட்டு எண்ணலாம்.

வெடிக்காத உலோகம் மஞ்சள் வாளிக்குள் போக வேண்டும்.
பின்னேரம் நிறுப்பார்கள்.
தாளில் கிலோவுக்கு ஒரு நிரல் உண்டு,
சதத்துக்கு இல்லை.
நான் குனிந்து
சப்பாத்துக் கயிற்றைத் திரும்பக் கட்டினேன்.

வியாழன் வளவுக்காரி வந்தா, இராசமலர்.
கயிற்றுக்கு அப்பால் நின்று கேட்டா:
"கறிவேப்பிலையடியில ஒரு பால்மாப் பேணி.
பதினொரு பவுண்."

கறிவேப்பிலை இல்லை.
அது நின்ற இடத்தில் ஒரு கிடங்கு,
மண்வெட்டி வெட்டிய சதுரம்,
எத்தனையோ மாரி நிறைந்து காய்ந்தது.
அடியில் பேணியின் மூடி மட்டும்.
மூடியைப் பார்த்தா.
பிறகு எங்கள் கைகளைப் பார்த்தா.

பைகளைக் கொட்டினோம்.
சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தோம்.
கருவியை ஒவ்வொருத்தியின் மேலும் ஓட்டினார் அமலதாஸ்.
என் இடது காலில் கத்தியது.

"அது பழைய பீஸ், அக்கா," என்றார்.
இந்த முறை சிரிக்கவில்லை.

இராசமலர் குந்தி இருந்து
காற்சட்டைக்கு மேலால் கெண்டையை அமத்தினா.
கல் மாதிரி அது விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.
"நோகுமோ?"
"மாரிக்கு."
கையை எடுத்துவிட்டா,
பிழையான வீட்டுக் கதவைத் தட்டினவபோல.
ஒரு சாண் கீழே
ராணி என் உள்ளங்காலில் சூடாக இருந்தா.

மூடிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு
அதைப் பையில் போட்டுக்கொண்டு போனா.
பஸ் வரும் வரைக்கும்
சந்தியில் வெயிலில் நின்றதைப் பார்த்தேன்.
கூப்பிடலாம் என்று நினைத்தேன்.
என்னவென்று கூப்பிடுவது,
அக்கா, இந்தாங்கோ ஒரு சதம் என்றா?

சனிக்கிழமை வளவைக் கையளித்தோம்.
காசு என்னிடம்தான் இருக்கிறது.

இரணைப்பாலையில் பங்கருக்குப் பக்கத்தில்
அம்மாவின் தையல் மெசினைத் தாட்டுவிட்டு வந்தோம்,
உரப்பையில் சுற்றி, எண்ணெய் பூசி,
அடுத்த கிழமை எடுப்போம் என்று.
அங்கே இப்போது வேறொரு நிறுவனத்துப் பெண்கள்
முழங்காலில் நிற்கிறார்களாம்.

மெசின் எந்தச் சப்பாத்துக்குள்ளும் அடங்காது.
பொபின் அடங்கும்.