ஆவணி, காலை ஆறு இருபது

செக்காலைப் பாலத்தடியில்
ஊரணிக்குப் போக வேண்டிய தண்ணீர்
போகாமல் நிற்கிறது.
ஒற்றைச் செருப்பு, கறுத்த நுரை,
ஜிப் கிழிந்த பள்ளிப்பை.
பையின் மேல் இரண்டு மடையான்,
வாடகை பாக்கி வைத்தவர்களைப் போல
தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு.

நைட் டூட்டி முடிந்து வருகிறேன்.
விரல்களில் இன்னும் டெட்டால்.
மருந்துக் கம்பெனி கொடுத்த டைரியில்,
சர்க்கரை மாத்திரைப் படத்துக்குக் கீழே
எழுதுகிறேன்:
நெடுங்கால் உள்ளான் ஏழு.
கானாங்கோழி ஒன்று, கரிக்குஞ்சு நான்கு
(நேற்று ஐந்து).
மீன்கொத்தி, சத்தம் மட்டும்.
சத்தத்தை எண்ணிக்கையில் சேர்க்கலாமா?
முந்தாநாளும் இங்கேதான் பேனா நின்றது.

பைனாகுலரைப் பார்த்துவிட்டு
பால்கேன் குலுங்க டிவிஎஸ்ஸை நிறுத்துகிறார் சாத்தையா.
"கார்ப்பரேசனா? எப்பத்தான் தூர் வாருவீக?"
இல்லை, பறவை பார்க்கிறேன்.
"இதுலயா?"
காறித் துப்ப எட்டிப் பார்த்தவர்
துப்பாமல் விழுங்கிக்கொண்டார்.

சிமெண்டுச் சரிவில்
ஒரு கல் நகர்ந்தது.
கல் இல்லை.
வாலை ஆட்டாமல் நிற்கத் தெரியாத
சின்ன உள்ளான்.
இந்த வருசத்தின் முதல் ஆள்.
பனி விழும் ஏதோ ஓர் ஆற்றங்கரையை விட்டு
எங்கள் சாக்கடைக்கு
வழி கேட்காமல் வந்திருக்கிறது;
வந்ததும் வராததுமாகப் புழு பொறுக்குகிறது.

"எங்கே, எங்கே?"
கொடுத்தேன்.
கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
பால் திரிந்துவிடும், வெயில் ஏறுகிறது,
அவர் இறக்கவில்லை.
"ரொம்பத் தூரத்துல இருக்கேம்மா."

ஆமாம் என்றேன்.