குறிப்புகள் என்ற கட்டம்

வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளை.
இயற்கணிதத்தில் தேறாத இருபத்தொரு பேருக்கு
தல்கார் பள்ளி ஒதுக்கியது
தோட்டக்கலை.

கொதிகலன் அறைக்குப் பின்னால் நிலம்.
நிலக்கரிச் சாம்பல், உடைந்த மேசைக்கால்,
யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை.
முதலில் இவற்றைப் பொறுக்கினோம்.
அதற்கே ஒரு மாதம்.

ஏப்ரலில் கத்தி தந்தார்கள்,
மூவருக்கு ஒன்று.
அன்றுதான் ஜந்தோஸ்
முதன்முதலாக நேரத்துக்கு வந்தான்.

வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும்.
இரண்டாம் இழுப்பில் மேடு வரும்,
மேட்டில் காற்று தங்கும்,
காற்று தங்கிய இடத்தில் ஒட்டு பிடிக்காது.
பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே
நூலளவு பச்சைக் கோடு.
அதோடு இது சேர்ந்தால் ஆப்பிள்.
சேராவிட்டால்
கந்தல் சுற்றிய குச்சி.

பெற்றோர் கூட்டத்தில்
விதாலியின் அப்பா எழுந்து கேட்டார்:
"இதைப் படித்தால் எதுவரை போகலாம்?"
தோல்கனாய் கடைசிப் பெஞ்சிலிருந்து சொன்னாள்:
"வேலிவரை."
தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார்.

இருபத்தொரு ஒட்டில் பிடித்தவை நான்கு.
என்னுடையது இல்லை.
செத்தது தெரிந்தும்
மே மாதம் முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பிறகு?
விதாலி மின்தூக்கி பழுதுபார்க்கிறான்.
எர்கெஜான் தீக்காய மருத்துவமனையில்
தொடைத் தோலை எடுத்துக் கன்னத்தில் வைக்கிறாள்;
"அதே கணக்குதான், அடியில் காற்று கூடாது" என்கிறாள்.
ஜந்தோஸ் மூன்று வருடம் சிறையில் இருந்தான்.
அங்கே மரங்கள் இருந்தனவாம்,
கத்திதான் தரவில்லையாம்.
தோல்கனாய்க்கு அதே பள்ளி, அதே வியாழக்கிழமை.
வேலி இப்போது நாற்பது அடி தள்ளி நிற்கிறது.

நான் எல்லையில் இருக்கிறேன்,
பயிர்நோய்த் தடுப்புச் சாவடியில்.

போன மார்ச்சில், பிஷ்கெக் போகும் சிற்றுந்தில்
பதினைந்து வயதுப் பையன்.
கம்பளிக் காலுறைக்குள் ஈரச் செய்தித்தாள்,
செய்தித்தாளுக்குள் ஆறு ஆப்பிள் குச்சிகள்.
அக்கா வீட்டுக்கு என்றான்.
அங்கே ஒரு கசப்பு மரம் நிற்கிறதாம்,
அதில் ஏற்றிவிடலாமாம்.
எப்படி என்று அவளுக்குக் காட்டுவதற்காக
ஒன்றை மட்டும் முன்பே சீவி வைத்திருந்தான்.

சான்றிதழ் இல்லை.
தீக்கருகல் பரவும் பருவம்; விதி விதிதான்.
அவன் எதிரிலேயே உலையில் போட்டேன்.
போடுவதற்குமுன்
சீவிய முனையைக் கட்டைவிரலால் தடவினேன்.
மேடு இல்லை.

எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை.

படிவத்தில் எண்ணிக்கை, எடை, அழித்த நேரம்.
கடைசியில் குறிப்புகள் என்றொரு கட்டம்,
பதினோரு வருடமாக
நான் கோடு கிழித்தே விடுகிற கட்டம்.
அதில் எழுதினேன்:
வெட்டு சுத்தம்.

மேலதிகாரி கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
முத்திரை குத்தினார்.

பையன் காலுறையைத் திருப்பிக் கேட்டான்.
நனைந்திருந்தது.
அப்படியே காலில் மாட்டிக்கொண்டு
வண்டி ஏறினான்.