எடையில் சேராத புள்ளி

செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுத் தகட்டில்
பெயர் அடிப்பது என் வேலை.
எழுத்துக்கு இரண்டு ரூபாய்.
புள்ளிக்குத் தனியாக வாங்கியதில்லை.

உலைச் செங்கல் விலை பேச வந்த ஷாமொராத்,
ஈரானின் மேற்கே ஏதோ மலைக்காரர்.
லக்கி என்று ஒரு பாஷை, அதில்
மகள் கொலுசுக்கு இரண்டே சொல்:
தூரம் இல்லை.
தூரத்துக்கு அங்கேயும் கிட்டத்தட்ட ‘தூர்’தானாம்.
“இந்தச் சொல்லுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?”
குபேந்திரன் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள்
என் நையாண்டி ஆறிப்போனது.

கிட்டத்தட்ட. ஆனால் அது இல்லை.
உதட்டை ஊவுக்குக் குவிக்கணும்,
நாக்கை மட்டும் ஈக்கு அனுப்பணும்.
பட்டறையில் ஐந்து பேரும்
விசிலை மறந்தவர்கள் போல நின்றோம்.
ஊதுகுழலில் பற்றவைக்கும் சகாயமேரிக்கு மட்டும்
முதல் தடவையிலேயே வந்தது.

பில்லின் முதுகில் வலமிருந்து எழுதிக் காட்டினார்:
வால் மடக்கிய தலைப்பிரட்டை மாதிரி ஓர் எழுத்து,
அதன் தலைக்கு மேல் இரண்டு புள்ளி.
பள்ளிக்கூடத்தில் இந்தப் புள்ளி கிடையாதாம்.
அங்கே பாரசீகம், மொட்டைத் தலை.
தம்பி இதையே வேறு மாதிரி எழுதுவான்,
மச்சான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவான்,
மூவரும் செய்தி அனுப்புவது ஒரே அம்மாவுக்கு.
அவளுக்குப் படிக்க வராது,
யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள்,
அவள் காதில் எல்லாம் சரியாகத்தான் விழும்.

குபேந்திரன் அம்மாப்பேட்டை, வீட்டில் சௌராஷ்ட்ரம்.
“எங்களுக்கும் தனி எழுத்து இருக்கு.
எனக்குத்தான் தெரியாது.
தமிழில் எழுதி, கவின் தோளில்
குட்டியாக ஒரு நாலு போடுவோம்,
அங்கே மூச்சு விடணும்னு அர்த்தம்.”
அதை அவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான்.
பத்து வருஷமாக எதிர் எதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்குப் புள்ளி என்றால் வாயை மூடு என்று.
க் ங் ச்
அகரத்தின் குரல்வளையில் ஒரு கட்டைவிரல்.
இவருக்கோ புள்ளி விழுந்தால்தான்
உயிரே வருகிறது.
உளியைச் சாணை பிடித்து
வலதிலிருந்து தொடங்கினேன்,
கை ஒப்பவில்லை, மூச்சடக்கி அடித்தேன்.

மறுநாள் தகடு பளபளவென்று வந்தது, மொட்டையாக.
“ரெண்டு பொட்டுக் குழி இருந்துச்சுக்கா,
தேய்ச்சுச் சமமாக்கிட்டேன்.”
பாலிஷ் போடும் பூபாலனுக்கு ஒரே பெருமை.

ஷாமொராத் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கோபப்படுவார் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தோம்.
“என் வாத்தியார் எழுதியது போல இருக்கிறது” என்றார்,
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் முன்னாலேயே மறுபடி அடித்தேன்.
ஒன்று, இன்னொன்று.
கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்துவிட்டது,
தகட்டின் பின்பக்கம் இரண்டு கடுகு முளைத்தது.
தேய்க்கட்டுமா என்றேன்.
கட்டைவிரலால் தடவி, வேண்டாம் என்றார்.
கணுக்காலுக்குத் தெரியட்டும்.

முதலாளி திரும்ப எடை போட்டார்:
எண்பத்திரண்டு கிராம், நேற்றைக்கு இருந்ததே.
உளி வெள்ளியை எடுப்பதில்லை,
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று
குறிக்க வேண்டும், அது கடை வழக்கம்.
தூர் என்று எழுதி நிறுத்தினேன்.
பிறகு தூவின் தலைக்கு மேல்
இரண்டு புள்ளி வைத்தேன்.

கணக்குப் பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
“இதென்னம்மா, பேனா கசியுதா?”